கட்டுக் கட்டாக ஒரு நதி

இருபது டாலருக்கு என்ன வாங்கலாம்? லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் சில தண்ணீர் பாட்டில்கள் வாங்கலாம். அங்கிருந்து தெற்கே காரில் ஐந்து மணி நேரம் போனால் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு வரும். அங்கே அதே இருபது டாலருக்கு ஓர் ஏக்கர்-அடித் தண்ணீர் கொடுப்பார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தேங்கி நிற்கிற தண்ணீர் அது. லிட்டர் கணக்கில் 12 லட்சத்துக்கு மேல். ராக்கி மலையில் பனியாக விழுந்து, உருகி, கிராண்ட் கேன்யனைக் குடைந்துகொண்டு ஓடி, ஹூவர் அணையில் மின்சாரம் தந்து வரும் கொலராடோ நதியின் தண்ணீர். பாட்டிலுக்கு மூடி செய்கிற செலவுகூட இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு மூன்று அங்குல மழை பெய்தால் அதிகம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில், அந்த மணலில், அதிகப் பரப்பில் நிற்கிற பயிர் குதிரைமசால். நம் கால்நடைப் பண்ணைகளில் தீவனத்துக்குப் போடுவார்களே, அதேதான். அமெரிக்காவில் அல்ஃபால்ஃபா என்பார்கள். ஆழ வேரோடும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். இம்பீரியலில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது அறுப்பு. அறுத்துக் காயவைத்து, இயந்திரத்தில் சதுரமாக அமுக்கி, கட்டுக் கட்டாக மாட்டுப் பண்ணைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான். குளிர்காலத்தில் கீரையும் கோசும் இதே பள்ளத்தாக்கிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் மனம் புண்படும். ஆனால் கோடையில் அந்தச் சூரியனுக்குக் கீழே தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பது கீரை இல்லை.

குதிரைமசால் போடுவதா வேண்டாமா, பாய்ச்சினால் கட்டுமா என்று கணக்குப் பார்ப்பதற்கு அங்கே நல்ல ஏற்பாடு இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் பயிர்வாரியாக மாதிரி வரவு-செலவு போட்டு வெளியிடுகிறது. நிலம் சமன்படுத்தும் செலவு, விதை, உரம், மடை திருப்பும் ஆள்கூலி, அறுப்பு, கட்டு கட்டுவது என்று ஒன்றையும் விடுவதில்லை. தண்ணீருக்கும் ஒரு வரி உண்டு. ஏக்கருக்கு ஆண்டில் ஆறு ஏக்கர்-அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 120 டாலர். விளைச்சல் எட்டு டன். டன்னுக்குப் பதினைந்து டாலர் தண்ணீர்ச் செலவு, ஒன்பது லட்சம் லிட்டர் தண்ணீர். சந்தையில் அந்த டன் 200 டாலரைத் தொட்டும் தாண்டியும் போகும். லாபம்தான். டீசல் விலை ஏறினால் விவசாயி கவலைப்படுவார், டயர் தேய்ந்தால் கவலைப்படுவார். நதி தேய்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை; அதற்கு அந்தத் தாளில் வரி கிடையாது.

விவசாயியைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தகுதியானவர்கள் வரிசையில் அவர் வெகு பின்னால் நிற்கிறார். அமெரிக்க மேற்கில் நீர்ச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதலில் வந்து மடை வெட்டியவனுக்கே முதல் உரிமை. வறட்சி வந்தால் பின்னால் வந்தவன் காய வேண்டும். அந்த உரிமையும் ‘பயனுள்ள உபயோகம்’ செய்கிறவரைதான். உபயோகிக்காவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே சிக்கனம் என்பது இங்கே சொந்தச் சொத்தை எழுதிக் கொடுக்கிற பைத்தியக்காரத்தனம். பாலைவனத்தில் ஜூலை மாதத்தில் வயலை மூழ்கடிக்கிற மனிதர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன். ஆற்றிலேயே கிடக்கட்டும் என்று தண்ணீரை விட்டுவைப்பவருக்குத்தான் வக்கீல் தேவைப்படும். ஆறு ஆறாக ஓடுவது பயனுள்ள உபயோகத்தில் சேருமா என்பதை அந்தச் சட்டம் வெகுகாலம் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. மீன்களுக்கு மனுப்போடத் தெரியாது.

இதற்கெல்லாம் மூலப் பத்திரம் 1922-இல் எழுதப்பட்டது. நியூ மெக்ஸிகோவில் சாண்டா ஃபே நகரத்துக்கு வெளியே பிஷப்ஸ் லாட்ஜ் என்கிற உல்லாச விடுதி. ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். தலைமை ஹெர்பர்ட் ஹூவர். அப்போது வணிகத் துறை அமைச்சர், பின்னாளில் அதிபர், தொழிலால் பொறியாளர். நதியை மேல்படுகை, கீழ்ப்படுகை என்று இரண்டாகக் கோடு கிழித்து ஆளுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்று பங்கு போட்டார்கள். பங்கு போடுவதற்கு முன்னால் பானையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். அவர்களும் பார்த்தார்கள், ஆனால் அசாதாரணமாக மழையும் பனியும் கொட்டிய ஆண்டுகளின் அளவுகளை வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு தண்ணீர் நிலைக்காது என்று யூஜின் லாரூ என்ற அரசு நீரியலாளர் அந்தக் காலத்திலேயே சொல்லிப்பார்த்தார். விடுதியில் விருந்து நன்றாக இருந்திருக்க வேண்டும்; யார் காதிலும் விழவில்லை. 1944-இல் மெக்ஸிகோவுக்கு ஒப்பந்தப்படி இன்னொரு 15 லட்சம். ஆக ஏட்டில் 1 கோடியே 65 லட்சம். 2000-க்குப் பிறகு நதியில் உண்மையாக வருவது சராசரியாக ஒன்றேகால் கோடிக்கு அருகில். மிச்சம் நாற்பது லட்சம் ஏட்டுச் சுரைக்காய். அதை வைத்துத்தான் மூன்று தலைமுறையாகக் கறி சமைத்திருக்கிறார்கள்.

அந்தப் பங்கில் கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம். அதில் இம்பீரியல் பாசன மாவட்டத்துக்கு மட்டும் 31 லட்சம். அரிசோனா மாநிலம் முழுவதற்கும் 28 லட்சம். லாஸ் வேகஸைச் சுமக்கும் நெவாடாவுக்கு 3 லட்சம். ஒரு பள்ளத்தாக்கு, ஒரு முழு மாநிலத்தைவிட அதிகம் குடிக்கிறது. இன்னொரு மாநிலத்தைப்போலப் பத்து மடங்கு குடிக்கிறது. முதலில் வந்தவர்கள் அல்லவா! முதலில் என்றால் எதற்கு முதலில் என்று கேட்கக் கூடாது. அந்த நதிக்கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்குப் பதிவு அலுவலகம் போகிற பழக்கம் இல்லை. அவர்களிடம் பிறகு வருகிறேன்.

2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல் முறையாக கொலராடோ நதிக்குப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அரிசோனா தன் பங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியை இழந்தது. 2022 ஜூலையில் ஹூவர் அணையின் மீட் ஏரி கால் கொள்ளளவுக்குச் சற்று மேல் என்கிற அளவுக்கு வற்றியது. வற்ற வற்ற ஏரி வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கியது. அந்த மே மாதம் சேற்றிலிருந்து ஒரு பீப்பாய் வெளியே தெரிந்தது. உள்ளே, சுடப்பட்டுச் செத்த ஒரு மனிதரின் எலும்புகள். காலணியை வைத்து 1970-களின் நடுப்பகுதிக்கும் 80-களின் தொடக்கத்துக்கும் இடையில் என்று போலீஸார் கணித்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பீப்பாயைச் சுற்றி நின்று படம் எடுத்தன. கொன்றவன் யார் என்று துப்பறியும் ஆர்வத்தில் ஏரியைக் கொன்றவர் யார் என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை.

அந்தத் துப்பையும் ஒருவர் துலக்கினார். பிரையன் ரிக்டரும் அவரது கூட்டாளிகளும் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படுகையில் செலவாகும் ஒவ்வொரு சொட்டையும், ஆவியாவதையும் கரையோர மரங்கள் உறிஞ்சுவதையும்கூட விடாமல், கணக்கில் எடுத்தார்கள். மாட்டுத்தீவனப் புல், அதாவது குதிரைமசாலும் மற்ற உலர்தீவனப் பயிர்களும், எடுத்துக்கொள்வது மொத்தத்தில் 32 சதவீதம். லாஸ் ஏஞ்சலஸ், டென்வர், ஃபீனிக்ஸ், லாஸ் வேகஸ் என்று எல்லா நகரங்களும் ஆலைகளும் சேர்ந்து 18 சதவீதம். மனிதர்கள் நேரடியாகப் பயன்படுத்துவதை மட்டும் பார்த்தால் புல்லின் பங்கு 46. நாலு கோடிப் பேர் நம்பியிருக்கும் நதி என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறார்கள். அந்த நாலு கோடிக்கு முன்னால் மாடுகள் வரிசையில் நிற்பதைச் சொல்ல வெட்கம்.

சரி, புல்லைக் குறைக்க வேண்டும் என்று கடைசியில் மத்திய அரசுக்கும் தோன்றியது. அதற்கு என்ன செய்வது? சட்டத்தைத் தொடலாம்; தொட்டால் வழக்கு. விலையை ஏற்றலாம், ஏற்றினால் ஓட்டு. ஆகவே 2022 அக்டோபரில் ஒரு சலுகை அறிவித்தார்கள். தண்ணீரை எடுக்காமல் ஆற்றிலேயே விட்டுவைப்பவருக்கு ஏக்கர்-அடிக்கு ஓராண்டு ஒப்பந்தமானால் 330 டாலர், மூன்றாண்டானால் 400 டாலர். இருபதுக்கு வாங்குகிற பொருளை வாங்காமல் இருப்பதற்கு நானூறு! ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று பழமொழி சொன்னவர்கள் நெய்யை ஊற்றியதைத்தான் பார்த்தார்கள். ஊற்றாமல் இருந்ததற்குக் கூலி வாங்கியதைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு கீழ்ப்படுகையின் மூன்று மாநிலங்களும் 2026-க்குள் முப்பது லட்சம் ஏக்கர்-அடி மிச்சம் பிடிப்பதாக ஒப்புக்கொண்டன. அதில் 23 லட்சத்துக்கு அரசு பணம் கொடுக்கிறது, சுமார் 120 கோடி டாலர். தியாகம் என்று பத்திரிகைகள் எழுதின. மக்களின் நதியை மக்களுக்கே இருபது மடங்கு விலையில் திருப்பி விற்பது தியாகம் என்றால் எனக்கும் கொஞ்சம் தியாகம் செய்ய ஆசைதான்.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது? நிலம் வைத்திருப்பவருக்கு, பாசன மாவட்டத்துக்கு. இம்பீரியலோ, வேலையின்மையில் கலிஃபோர்னியாவிலேயே முன்வரிசையில் நிற்கிற கவுண்டி. விடிவதற்கு முன்னால் மெக்ஸிகாலியிலிருந்து எல்லையைத் தாண்டி வரிசையில் நின்று வயலுக்கு வந்து மடை மாற்றுகிற கூலியாளுக்கு, மடை மாற்றாத நாளுக்கு யாரும் ஒரு டாலர் தருவதில்லை. அவர் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் சோம்பல். முதலாளியின் வயல் சும்மா இருந்தால் அது நீர்ச் சேமிப்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதை மறைத்தால் என் கணக்கும் அவர்கள் கணக்கைப்போல ஆகிவிடும். வயலிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர்தான் அங்கே உள்ள சால்டன் கடலைப் பிழைக்க வைக்கிறது. 1905-இல் கால்வாய் உடைந்து, நதியே திசை மாறிப் பாய்ந்து உண்டான ஏரி அது. பாசனம் குறைந்தால் ஏரி சுருங்கும். சுருங்கினால் அடியில் படிந்த பூச்சிமருந்தும் உப்பும் புழுதியாகக் கிளம்பி, ஏற்கெனவே ஆஸ்துமாவுக்குப் பேர்போன அந்தப் பகுதிக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகும். நூறாண்டு பாய்ச்சியதற்கான பில்லைக் கொடுக்கும் நாளில், பாய்ச்சாமல் விடுவதற்கான பில்லையும் சேர்த்து நீட்டுகிறார்கள். இரண்டும் ஒரே முகவரிக்குத்தான் போகிறது, அது பண்ணை அலுவலகம் இல்லை.

புல்லில் இரண்டு சாதி உண்டு என்பதை லாஸ் வேகஸ் போனால் தெரிந்துகொள்ளலாம். அங்கே 2021-இல் ஒரு சட்டம் வந்தது. அலுவலக வாசலிலும் சாலை நடுவிலும் யாரும் நடக்காத, விளையாடாத அலங்காரப் புல்தரையை 2026 முடிவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். வீட்டு வாசல் புல்லைப் பிடுங்கினால் சதுர அடிக்குக் காசு தருகிறார்கள். நடைபாதையில் தண்ணீர் வழிந்தால் வண்டியில் ரோந்து வருகிறவர் வீடியோ எடுத்து அபராதம் போடுகிறார். சூதாட்டத்துக்கும் கேளிக்கைக்கும் பேர்போன நகரம், வீட்டுக்குள் பயன்படும் தண்ணீரில் ஏறத்தாழ எல்லாவற்றையும் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது. பாவிகளின் ஊர் பத்தினியாக வாழ்கிறது. தெற்கே ஐந்து மணி நேரத்தில் அதே நதியில் வளர்கிற இன்னொரு புல்லுக்கு அபராதம் இல்லை, ரோந்து இல்லை. அதை மாடு தின்னும், ஆகவே அது பண்பாடு, பாரம்பரியம், கிராமத்தின் ஆன்மா. அதைத் தொட்டுப் பேசினால் மாடு மேய்ப்பவரின் தொப்பி போட்ட ஒரு செனட்டர் எங்கிருந்தாவது வந்துவிடுவார்.

இப்போது அரிசோனாவுக்கு வருவோம். இங்கே கதை இன்னும் ருசியானது. சவூதி அரேபியா 1970-களின் கடைசியில் பாலைவனத்தில் கோதுமை விளைவித்துக் காட்டப் புறப்பட்டது. பல்லாயிரம் ஆண்டு பழமையான, மறுபடி ஊறாத நிலத்தடி நீரை இறைத்தது. 1990-களின் தொடக்கத்தில் உலகக் கோதுமை ஏற்றுமதி நாடுகள் வரிசையிலேயே இடம்பிடித்தது. பிறகு கிணறுகள் பதில் சொல்லத் தொடங்கின. 2008-இல் அரசு பின்வாங்க முடிவெடுத்தது. 2016-இல் உள்நாட்டுக் கோதுமை கொள்முதலை நிறுத்தியது. தொடர்ந்து பசுந்தீவனம் பயிரிடுவதற்கும் கடிவாளம் போட்டது. எங்கள் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று அந்த மன்னராட்சிக்குப் புரிந்துவிட்டது. மாடுகளுக்குப் புரியவில்லை, அவை தின்றுகொண்டிருந்தன. ஆகவே மத்தியக் கிழக்கின் பெரிய பால் நிறுவனங்களில் ஒன்றான அல்மராய், 2014-இல் அரிசோனாவின் லா பாஸ் கவுண்டியில் ஏறத்தாழ 9,800 ஏக்கரை 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் அமெரிக்கக் கிளையின் பெயர் ஃபோண்டோமோன்டே. பக்கத்தில் பட்லர் பள்ளத்தாக்கில் அரிசோனா அரசின் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 25 டாலர். நிலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு எவ்வளவு? ஒன்றுமில்லை. எவ்வளவு இறைக்கலாம்? எவ்வளவு வேண்டுமானாலும். மீட்டர்? எதற்கு?

அரிசோனாவில் நிலத்தடி நீருக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1980-இல் பெரிய சட்டம் வந்தது; நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். ஃபீனிக்ஸ், டூசான் போன்ற குறிப்பிட்ட பகுதிகளில் அளவு, அனுமதி, கட்டுப்பாடு எல்லாம் உண்டு. கோட்டுக்கு வெளியே உள்ள கிராமங்களில், நிலம் உன்னுடையது என்றால் உன் பம்பு எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவும் உன்னுடையது. நீளமான குழாய் வைத்திருப்பவன் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் குடிக்கிறான். ஓர் ஏக்கர்-அடித் தண்ணீரை 500 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, பம்பின் திறனைப் பொறுத்து 700, 800 யூனிட் மின்சாரம் ஆகும். பெரிய பண்ணைக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. தகர வீட்டில் வாழ்கிற முதியவருக்கு 200 அடிக் கிணறு வற்றினால் புதுக் கிணறு வெட்டுவது வாழ்நாள் சேமிப்பு. அந்த வரி யாருடைய பயிர்ச் செலவு அட்டவணையிலும் வரவில்லை.

செய்திகள் வெளியாகி ஊர் கொதித்த பிறகு, 2023 அக்டோபரில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் நடவடிக்கை எடுத்தார். பட்லர் பள்ளத்தாக்கில் ஒரு குத்தகை ரத்து. மற்ற மூன்றும் 2024 பிப்ரவரியில் முடிந்ததும் புதுப்பிக்கப்படாது. ரத்துக்குக் காரணம் என்ன தெரியுமா? தண்ணீர் அல்ல. டீசல் தொட்டிக்கு அடியில் கசிவைத் தாங்கும் தடுப்பு கட்டவில்லையாம். 2016-லேயே நோட்டீஸ் கொடுத்தும் சரிசெய்யவில்லையாம். ஒரு நீர்த்தேக்கத்தையே பூமிக்கடியிலிருந்து உறிஞ்சி எடுத்தவனைப் பிடிக்க அந்த மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் கிடைத்த ஒரே குற்றம், டீசல் சிந்தக்கூடும் என்பது.

2024 டிசம்பரில் தலைமைச் சட்ட அதிகாரி கிரிஸ் மேயஸ் அந்த நிறுவனத்தின்மேல் பொதுத் தொல்லை என்று வழக்குப் போட்டார். பண்ணை இருக்கும் ரானகிராஸ் நிலத்தடிப் படுகையில் 2023-இல் இறைக்கப்பட்ட நிலத்தடி நீரில் 81 சதவீதத்துக்கு மேல், ஏறத்தாழ 31,000 ஏக்கர்-அடி, இந்த ஒரு பண்ணைதான் எடுத்தது என்கிறது மனு. கிணறுகள் வற்றுகின்றன, நிலமே தாழ்ந்து உட்காருகிறது என்கிறது. நாங்கள் சட்டப்படிதான் நடக்கிறோம் என்கிறது நிறுவனம். இதில் எரிச்சல் தருவது, நிறுவனம் சொல்வது பெரும்பாலும் உண்மை என்பதுதான்.

சவூதிக்காரன் நம் தண்ணீரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறான் என்று மேடைதோறும் முழங்குகிற அரிசோனா அரசியல்வாதிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்கள் யார்? ஆண்டுக்கணக்காகக் கிராமங்களுக்கு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவரும் மசோதாக்களைக் குழுவிலேயே கொன்று புதைத்தவர்கள் ரியாத்திலிருந்து வரவில்லை. மேற்கில் விளையும் உலர்தீவனத்தின் பெரும்பகுதி எந்தக் கப்பலிலும் ஏறுவதில்லை. அமெரிக்க மாட்டின் வயிற்றில் இறங்கி, அமெரிக்க சீஸாக, அமெரிக்க பர்கராக, அமெரிக்க ஐஸ்கிரீமாக அமெரிக்கர் வாயில்தான் ஏறுகிறது. அதே லா பாஸ் கவுண்டியில் உள்ளூர்ப் பெயர் கொண்ட பண்ணைகளும் நிலத்தடி நீரை இறைக்கின்றன. அந்நியன் இறைத்தால் கொள்ளை, அண்டை வீட்டுக்காரன் இறைத்தால் விவசாயம். நீர்மட்டத்துக்கு மட்டும் தேசபக்தி கிடையாது. யார் இறைத்தாலும் ஒரே மாதிரி கீழே போகிறது.

இப்போது அந்தப் பழைய வாக்குறுதி: பதிவு அலுவலகம் போகாதவர்கள்.

1922 ஒப்பந்தத்தில் பழங்குடிகளுக்கு ஒரே ஒரு பிரிவு. அமெரிக்க அரசுக்குப் பழங்குடிகளிடம் உள்ள கடமைகளை இந்த ஒப்பந்தம் எந்த வகையிலும் பாதிக்காது என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். படுகையில் இன்று அங்கீகாரம் பெற்ற 30 பழங்குடி தேசங்கள் இருக்கின்றன. பிஷப்ஸ் லாட்ஜில் ஒருவரும் இல்லை. மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவஹோ தேசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் இன்றைக்கும் குழாய் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் பீப்பாயை ஏற்றிக்கொண்டு மைல் கணக்கில் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை அடுத்த வேலைக்கு எடுத்துவைக்கிறார்கள். நதியோ அவர்கள் நிலத்தின் ஓரமாகவே ஓடுகிறது.

இதில் கேவலத்தின் உச்சம் வேறொன்று. கொலராடோ தண்ணீரை ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் பினால் கவுண்டியின் வயல்களுக்கும் கொண்டுபோக, மத்திய அரிசோனாத் திட்டம் என்று 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் மேட்டில் ஏற வேண்டும். ஏறத்தாழ 2,900 அடி. அந்தப் பம்புகளுக்கு மின்சாரம் எங்கிருந்து? நவஹோ நிலத்தில் கட்டிய நவஹோ அனல்மின் நிலையத்திலிருந்து. நிலக்கரி? நவஹோ, ஹோபி நிலத்தைத் தோண்டி எடுத்தது. 2019 நவம்பரில் மூடும்வரை அந்தப் புகைபோக்கிகள் நவஹோ வானத்தில் புகைந்தன. உயர் மின்கம்பிகள் மின்சாரமே இல்லாத நவஹோ வீடுகளின் தலைக்குமேலே போயின, அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் இறைப்பதற்காக. இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால் மிகைப்படுத்தியிருக்கிறீர்கள் என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்புவார்.

நவஹோ தேசம் நீதிமன்றம் போயிற்று. 1868 உடன்படிக்கையில் எங்களுக்கு நிரந்தரத் தாயகம் தருவதாகச் சொன்னீர்களே, தண்ணீர் இல்லாமல் என்ன தாயகம், எங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்கெடுத்து வழி செய்யுங்கள் என்று கேட்டது. கணக்கெடுங்கள் என்றுதான் கேட்டது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்புச் சொன்னது: தண்ணீர் கிடைக்க அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதவில்லை. எழுதியவர்கள் யார், எழுதும்போது கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் யார் என்பதெல்லாம் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. குதிரைமசாலுக்குப் பாட்டனார் காலத்துப் பத்திரம் இருந்தால் போதும். மனிதருக்கு உடன்படிக்கை இருந்தும் போதவில்லை.

தலைமடையில் இவ்வளவு நடந்தால் கடைமடை என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தம் எழுதிய அதே 1922-இல் இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபால்ட் தம்பியோடு படகில் மெக்ஸிகோ எல்லைக்குள் கொலராடோவின் கழிமுகத்துக்குப் போனார். பச்சைக் குட்டைகளையும் பறவைகளையும் கண்டதைப் பின்னாளில் எழுதினார். இன்று அங்கே போனால் படகுக்கு வேலை இல்லை. எல்லையில் மொரேலோஸ் அணையோடு நதி முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் மணல். நதியின் மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குக்காபா இனத்தார் மீன்பிடிக்க நதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2014 மார்ச்சில் இரு நாடுகளும் பெரிய மனது பண்ணி 1,05,000 ஏக்கர்-அடியைத் திறந்துவிட்டன. சான் லூயிஸ் ரியோ கொலராடோ ஊரில், பெயரில் மட்டும் ஆறு இருந்த அந்த ஊரில், மக்கள் ஆற்றுப் படுகையில் இறங்கி ஆடினார்கள்; ஆறு என்பதை முதல் முறையாகப் பார்த்த குழந்தைகள் இருந்தார்கள். மே மாதத்தில் நதி கடலைத் தொட்டது. அவ்வளவுதான், மூடிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் இம்பீரியலில் ஏறத்தாழ 17,500 ஏக்கர் குதிரைமசாலுக்கு ஓராண்டுக்கு வரும். ஒரு நதி கடலைச் சேர்வது அதற்குமேல் கட்டுப்படியாகாது.

ஆற்றைப் பகிர்வதற்கான இப்போதைய விதிகள் 2026-உடன் காலாவதி. ஏழு மாநிலங்களும் கூடிக் கூடிப் பேசின. 2025 நவம்பரில் மத்திய அரசு வைத்த கெடு வந்தது, உடன்பாடு வரவில்லை. மேல்படுகை கீழ்ப்படுகையைக் கைகாட்டுகிறது, கீழ்ப்படுகை மேல்படுகையை. ஆண்டுதோறும் டிசம்பரில் லாஸ் வேகஸ் விடுதியில் நதிநீர்ப் பயனாளிகள் மாநாடு கூடுகிறது. சூதாட்ட மேசைகளைத் தாண்டித்தான் கூட்ட அறைக்குப் போக வேண்டும்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. எட்டாவது பிரதிநிதியாக மாட்டையே அழைத்து உட்கார வையுங்கள். நேரடிப் பயன்பாட்டில் 46 சதவீதத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வாக்குக்கூட இல்லை என்பது ஜனநாயக விரோதம். வக்கீல் வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆகவே கூட்டம் சீக்கிரம் முடியும். ‘பயனுள்ள உபயோகம்’ என்றால் என்ன என்று கேட்டால் அசைபோடும். மற்ற ஏழு பேரும் நூறாண்டாக அதைத்தான் செய்கிறார்கள், ஆகவே நடைமுறைச் சிக்கல் எதுவும் எழாது. வயிறு நிறைந்ததும் தொட்டியிலிருந்து வாயை எடுத்துவிடுகிற பழக்கம் மட்டும் கொஞ்சம் சங்கடம் தரலாம். மற்ற பிரதிநிதிகளுக்கு அது புதிது. உட்கார நாற்காலி இல்லையென்றால், 1922-இல் பழங்குடிகளுக்குப் போடாமல் மிச்சம் பிடித்த நாற்காலிகள் பிஷப்ஸ் லாட்ஜ் கிடங்கில் இருக்கும். ஒருவரும் உட்காராததால் புதிதாகவே இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.